மாமனாருக்கு அளவெடுத்த பெஞ்சு

மாமனார் போனில் மூன்றே வார்த்தை சொன்னார்.

"வர்றேன். நிக்கிறேன். போறேன்."

வியாழக்கிழமை அவருக்குக் கண் பரிசோதனை. கண் ஆஸ்பத்திரி தையல்காரன் வீட்டுக்குப் பின்தெருவில் இருந்தது. மருந்து விட்டால் இரண்டு மணி நேரம் கண் மங்கும். உடனே பஸ் ஏற முடியாது. அதனால்தான் வருகிறார்.

நாலு வருஷமாக அவர் அந்த வீட்டுக்கு வரவில்லை.

கடைசியாக வந்தபோது ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் எடை நூற்றுப் பத்து கிலோ. நாற்காலி நாலு பக்கமும் காலைப் பரப்பியது. மாமனார் தரைக்குப் போய்ச் சேர்ந்தார். கையிலிருந்த டம்ளர் மட்டும் நிமிர்ந்தே இருந்தது, ஒரு சொட்டுச் சிந்தவில்லை. முப்பத்தைந்து வருஷம் பஸ் ஓட்டிய கை.

தையல்காரன் சிரித்துவிட்டான். டம்ளரைப் பார்த்துத்தான் சிரித்தான். அதை யாரிடம் போய் விளக்குவது? நிறுத்தவும் முடியவில்லை. மாமனார் எழுந்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

அதன் பிறகு தையல்காரனின் மனைவிதான் அப்பாவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வந்த அன்றெல்லாம் காஜா எடுக்கும்போது ஊசியை ஓங்கிக் குத்தினாள். சட்டை யாருடையதாக இருந்தாலும்.

"நல்ல நாற்காலியா ஒண்ணு வாங்கிடலாம்" என்றான் தையல்காரன்.

"உடைஞ்சதும் வாங்கின நாற்காலிதான்."

"அப்ப நானே செய்யறேன். ஒரு பெஞ்சு."

அவள் நூலைப் பல்லால் கடித்தாள். "மரம் வெட்டத் தெரியுமா உங்களுக்கு?"

"துணி வெட்டத் தெரியும்ல?"

"இதோ பாருங்க. அப்பா வந்து உட்கார்ந்துட்டார்னா, கோபம் போச்சுன்னு அர்த்தம். நின்னுட்டே போனார்னா அதோட சரி. அப்புறம் இந்தப் படி ஏற மாட்டார். எனக்குத் தெரியும் அவரை."

இதை அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை.

மரக்கடையில் தையல்காரன் ஒரு பலகையைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தான்.

"சுருங்குமா?"

"என்னது?" என்றார் கடைக்காரர்.

"தண்ணி பட்டா சுருங்குமா? சாயம் போகுமா?"

"சலவைக்குப் போடப் போறீங்களா?"

"பெஞ்சு செய்யப் போறேன். மாமனார் உட்கார."

"எடை?"

"நூத்திப் பத்து."

கடைக்காரர் அந்தப் பலகையை அவன் கையிலிருந்து வாங்கி உள்ளே வைத்தார். வேறொன்றை எடுத்து வந்தார். ஒன்றரை அங்குலத் தடிமன். "இதுல யானையை உட்கார வைக்கலாம்" என்றார். பிறகு, "மாமனார்கிட்ட சொல்லிடாதீங்க" என்றார்.

காலுக்கும் சட்டத்துக்கும் கட்டைகள் வாங்கினான். ரம்பம் இரவல் வாங்கினான். துளை போடும் மெஷினைக் கீழ்வீட்டு எலெக்ட்ரீஷியன் கொடுத்தார், கூடவே காயத்துக்குக் கட்டும் துணியும் கொடுத்தார்.

"விரலுக்கா?" என்றான் தையல்காரன்.

"பின்ன எதுக்கு?"

வேலை வீட்டின் முன்னறையில் நடந்தது. அதுதான் தையல் கடையும். வெட்டு மேஜையில் கிடந்த துணிகளை ஒதுக்கிவிட்டுக் கட்டைகளைப் பரப்பினான். அளவு நோட்டைத் தேடி எடுத்தான். மகள் கல்யாணத்துக்கு மாமனார் அவனிடம்தான் பேன்ட் தைத்துக்கொண்டார். பக்கம் இருந்தது. இடுப்பிலிருந்து முட்டி இருபத்தொன்று, இடுப்பிலிருந்து தரை முப்பத்தேழு. கழித்தால் பதினாறு. முட்டிக்குக் கீழே பதினாறு அங்குலம். குள்ளமான மனிதர். பெஞ்சின் உயரம் பதினாறு.

"இந்த அளவுக்கு எந்த ஆசாரி அளவெடுப்பான்?" என்றான்.

"முதல்ல வெட்டுங்க."

சாக்குக் கட்டியால் கோடு போட்டான். ஒரு காலை வெட்டினான். ரம்பம் துணியைப் போலப் போகவில்லை. கட்டை மேஜையோடு சேர்ந்து ஆடியது. மனைவி மறுமுனையில் உட்கார்ந்து அழுத்திக்கொண்டாள். முதல் காலை மாதிரியாக வைத்து மற்ற மூன்றுக்கும் கோடு போட்டான். நாலு காலும் அச்சு அசலாக ஒன்றுபோல வந்தன. பலகைக்குக் கீழே நாலு பக்கமும் சட்டம், மூலைக்கு ஒரு கால். ஸ்க்ரூக்களை வாயில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து முடுக்கினான்.

"துப்பிட்டு வேலை செய்யுங்க. முழுங்கித் தொலைக்கப் போறீங்க."

"ம்" என்றான். குண்டூசியை இருபது வருஷமாக வாயில் வைத்திருப்பவன். ஸ்க்ரூ அவனுக்கு ஒரு தடித்த குண்டூசி.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். மேலே இரண்டு விரல் நீளத்துக்கு ஒரு கீறல் இருந்தது. "துணி மாதிரி இதுக்கும் இழை ஓட்டிடலாமா?" என்று அவள் கேட்டாள். அவன் உண்மையாகவே ஒரு நிமிஷம் யோசித்தான்.

புதன்கிழமை எடை போட்டுப் பார்த்தார்கள். பழைய தையல் மெஷினின் தலை, இஸ்திரிப் பெட்டி, ஏழு துணி உருளை. அப்படியும் நூற்றுப் பத்து வராதென்று மனைவி உருளைகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"இப்ப?"

"முனகவே இல்ல" என்றான் தையல்காரன். அவளை இறக்கிவிட்டு, எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, தானும் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தான். அவன் நெட்டை. கால் தரையில் நன்றாகப் பதிந்தது. "சும்மா சொல்லக் கூடாது" என்று தன்னையே பாராட்டிக்கொண்டான்.

வியாழன் காலை அவள் பெஞ்சைத் துடைத்தாள். துடைத்த களைப்பில் அதில் உட்கார்ந்தாள். அவள் அப்பாவைப் போல, உயரம் கம்மி.

"என்னங்க."

"என்ன?"

"இது யாருக்குச் செஞ்சது?"

அவள் காலை முன்னும் பின்னும் ஆட்டிக்காட்டினாள். பாதம் எங்கும் தட்டவில்லை.

தையல்காரன் கழுத்திலிருந்த டேப்பை இழுத்து அளந்தான். இருபது அங்குலம். மறுபடி அளந்தான். டேப் பிடிவாதமாக இருபது என்றது.

அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். எங்கே தப்பு நடந்தது என்பது சீக்கிரமே புரிந்தது. நோட்டில் பதினாறு என்றுதான் பார்த்தான். கோடு போட்டது மட்டும் கை. இருபது வருஷப் பழக்கத்தில், கால் என்றதும் கை கீழ்மடிப்புக்கு இரண்டு அங்குலம் விட்டது. மேலே தையலுக்கு அரை அங்குலம் விட்டது. பலகையின் ஒன்றரை அங்குலத்தை யாருமே நினைக்கவில்லை. துணிக்கு ஏது தடிமன்?

"கட்டைக்கு மடிப்பு விட்டிருக்கேன்" என்றான்.

அவள் முதலில் நம்பவில்லை. பிறகு கையால் முகத்தை மூடிக்கொண்டாள். "அப்ப மடிச்சுத் தைச்சிருங்க. அப்பா வந்துட்டிருக்கார்."

"இப்பவே வெட்டிடறேன். நாலு காலும் ஒரு மணி நேரம்."

கீழே படியில் கனமான காலடி கேட்டது. ஒரு படி, ஒரு மூச்சு. ஒரு படி, ஒரு மூச்சு.

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்" என்று அவள் அவசரமாக முணுமுணுத்தாள். "சிரிக்காம இருங்க, அது போதும். உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

மாமனார் கறுப்புக் கண்ணாடியோடு உள்ளே வந்தார். சுவரில் கை வைத்து நின்றார்.

"வாங்க மாமா."

"வந்தேன் மாப்பிள்ளை. ரெண்டு மணி நேரம் இப்படியே நின்னுட்டுப் போறேன்."

"தண்ணியாவது குடிங்கப்பா."

"வேணாம். டம்ளர் வேணாம் இந்த வீட்டுல."

மின்விசிறி சுற்றியது. மாமனாரின் கால் பெஞ்சில் தட்டியது. குனிந்து தடவினார். பலகையைத் தடவினார், சட்டத்தைத் தடவினார். பஸ் எடுப்பதற்கு முன் டயரை உதைத்துப் பார்ப்பதுபோல ஒவ்வொரு காலையும் உதைத்துக்கொண்டே பெஞ்சை ஒரு சுற்று வந்தார்.

"இது எந்தக் கடையில வாங்கினது?"

"அவரே செஞ்சதுப்பா. உங்களுக்காக."

"மாப்பிள்ளையா?"

"நான்தான் மாமா."

மாமனார் ஒரு கையால் முட்டியைத் தேய்த்துக்கொண்டார். வலிக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை. பெஞ்சுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, ஒரு சின்ன எம்பு எம்பி, உட்கார்ந்தார்.

பெஞ்சு ஒரு தடவை 'டக்' என்றது. மனைவி தையல்காரனின் மணிக்கட்டைப் பிடித்தாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பெஞ்சு வாயைத் திறக்கவில்லை.

மாமனாரின் பாதங்கள் தரைக்கு நாலு அங்குலம் மேலே தொங்கின. நூற்றுப் பத்து கிலோ, கறுப்புக் கண்ணாடி, கீழே இரண்டு சின்னப் பாதங்கள். முதல் நாள் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்த பிள்ளையைப் போல.

தையல்காரனுக்குச் சிரிப்பு முட்டியது. மின்விசிறியைப் பார்த்தான். காலண்டரைப் பார்த்தான். மனைவியின் நகம் மணிக்கட்டில் இறங்கியது. போதவில்லை. மேஜையிலிருந்த ஊசி மெத்தையிலிருந்து ஆறு குண்டூசியை உருவி வாயில் வைத்துக்கொண்டான். வாயில் ஊசி இருக்கும்போது எந்தத் தையல்காரனும் சிரிக்க மாட்டான். சிரித்தவன் இரண்டாம் முறை சிரிக்க மாட்டான்.

"மாப்பிள்ளை, சிரிக்கிறீங்களா? மருந்து விட்டதுல ஒண்ணும் தெரியல எனக்கு."

"ம்ஹூம்."

மாமனார் தலையைக் குனிந்தார். வலது பாதத்தை மெல்ல நீட்டினார். காற்றில் எதையோ தேடி மிதித்தார். மறுபடியும் மிதித்தார்.

"மாப்பிள்ளை."

"ம்."

"பிரேக் எட்டலையே."

முதலில் சிரித்தது மகள்தான். தையல்காரன் குனிந்து ஊசிகளைத் தரையில் துப்பிவிட்டு, அதே வேகத்தில் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. மாமனாரும் சிரித்தார். அவர் உடம்பு முழுக்க ஆடியது. பெஞ்சு ஆடவில்லை.

"அன்னைக்கும் இப்படித்தான் சிரிச்சீங்க" என்றார் மாமனார், மூச்சு வாங்கிக்கொண்டே.

"டம்ளரைப் பார்த்துச் சிரிச்சேன் மாமா. சிந்தவே இல்ல."

"சிந்தலையா?"

"ஒரு சொட்டுகூட இல்ல."

அவர் யோசித்தார். "அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

பிறகு இறங்கப் பார்த்தார். தையல்காரன் அலறினான். "இறங்காதீங்க மாமா! கீழ ஊசி. ஆறு ஊசி."

மாமனார் சட்டென்று பாதங்களை இன்னும் மேலே தூக்கிக்கொண்டார். தையல்காரன் ஊசி பொறுக்கும் காந்தத்தை எடுத்துக்கொண்டு நாலு காலில் தவழ்ந்தான். ஒன்று, இரண்டு, மூன்று. மாமனார் மேலேயிருந்து அவன் முதுகைப் பார்த்தார், தெரிந்த அளவுக்கு.

"அன்னைக்கு நான் கீழ இருந்தேன்" என்றார், திருப்தியாக.

"கீழ வந்தது வந்தேன், அளவு எடுத்துடறேன் மாமா. நேரா உட்காருங்க. காலைத் தொங்க விடுங்க. மூச்சைப் பிடிக்காதீங்க, சாதாரணமா இருங்க."

காதில் செருகியிருந்த சாக்குக் கட்டியை எடுத்தான். பாதத்துக்கும் தரைக்கும் டேப் பிடித்து, பெஞ்சின் நாலு காலிலும் கோடு போட்டான்.

"நாலு இஞ்ச் எடுக்கணும். நல்லவேளை, அதிகமாப் போச்சு. குறைஞ்சிருந்தா ஒட்டுப் போட வழியில்ல."

"எப்ப கிடைக்கும்?"

"செவ்வாய்க்கிழமை மாமா."

"தையல்காரன் செவ்வாய்னா வெள்ளின்னு அர்த்தம்."

"அப்ப வெள்ளின்னே வச்சுக்கங்க."

"செவ்வாயும் வருவேன். வந்து சத்தம் போடுவேன். வெள்ளியும் வருவேன்."

நாலாவது ஊசி கிடைத்தது. ஐந்தாவது மெஷின் மிதியடிக்குக் கீழே கிடைத்தது. ஆறாவதைக் காணவில்லை. தையல்காரன் காந்தத்தோடு கதவுவரை போய்த் திரும்பினான்.

"இன்னும் ஒண்ணு இருக்குப்பா, இறங்கிடாதீங்க" என்றாள் மகள். "தேடி முடிக்கிறதுக்குள்ள நான் சோறு வச்சிடறேன். அங்கேயே உட்கார்ந்து சாப்பிடலாம்."

"தண்ணி கொண்டா முதல்ல. டம்ளர்லயே கொண்டா."

அவள் சமையலறைக்குள் போனாள். ஆறாவது ஊசியை அவள் எப்போதோ எடுத்துத் தன் தோள் துணியில், மடிப்புக்குள், தலை மட்டும் தெரியக் குத்தி வைத்திருந்தாள்.