கன்னத்துப் பொட்டும் முப்பத்திரண்டு இன்ச் திரையும்

புஷ்பவள்ளி அக்கா கல்யாண ஆல்பத்தைத் திருப்பி அனுப்பியதும் நான் செய்த முதல் வேலை, பழியை யார் தலையில் கட்டலாம் என்று யோசித்ததுதான். அவரிடம் அச்சகத்தின் மேல் போட்டேன். குமார் அண்ணனிடம் என் பழைய மானிட்டரின் மேல் போட்டேன். அச்சகமோ மானிட்டரோ வந்து மறுத்துப் பேசப் போவதில்லை.

குமார் அண்ணன் என்கிற ஜெயகுமார் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவர். அவற்றைத் துடைத்து மினுக்கி ஆல்பமாக்குவது வாசுகியாகிய நான். பினாங்குக்கு அருகே லூனாஸில் என் வீட்டு முன்னறைதான் என் அலுவலகம். பருவைத் துடைப்பேன், வியர்வையைத் துடைப்பேன், மேடை ஓரத்தில் வடையும் வாயுமாக நிற்கும் மாமாவையும் துடைத்துவிடுவேன். செர்டாங்கில் நடந்த கல்யாணத்தில், மணப்பெண் சாந்தினியின் கன்னத்தில் இருந்த திருஷ்டிப் பொட்டையும் சேர்த்துத் துடைத்துவிட்டேன். அது ஒழுங்கான வட்டமாகக்கூட இல்லை. மை தீற்றியதுபோலக் கோணலாக இருந்தது. அழுக்கு என்று நினைத்து, அறுபத்து நான்கு பக்கத்திலும் ஒன்றுவிடாமல் அழித்திருந்தேன். அவ்வளவு சுறுசுறுப்பு.

“ஆயிரம் பேரு கண்ணு படுற எடத்துல எம் மகள மொட்டைக் கன்னமா நிக்க வெச்சிருக்கியே!” என்று பெண்ணின் தாயாரான புஷ்பவள்ளி அக்கா போனில் ஏசிய ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது. அவர் கணவர் பிச்சை அண்ணன் கல்யாணம் முடிந்த மூன்றாம் வாரமே இறந்துபோனார். அந்தத் துக்கம்தான் இப்படிக் கோபமாகக் கொட்டுகிறது என்று நானும் குமார் அண்ணனும் பேசிக்கொண்டோம்.

“ஆனா இன்னொரு வாட்டி இந்த ஆல்பம் திரும்பி வந்துச்சுன்னா, நான் பினாங்கு ஆளுங்ககிட்ட கொடுத்துருவேன். கோவிச்சுக்காத லா, வாசுகி,” என்றார் குமார் அண்ணன். பத்து வருடமாக நான் செய்யும் வேலை. கோபித்துக்கொள்ளாமல் என்ன செய்வது? அடுத்த சனிக்கிழமையே, சாந்தினியின் படங்களை ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு அவரையும் இழுத்துக்கொண்டு புது மானிட்டர் வாங்கச் சுங்கை பட்டாணிக்குப் போனேன்.

கணினிக் கடை ராமநாதன் அண்ணன் முதலில் காட்டியது வளைந்த திரை. “கலர் சொட்டுது பாரும்மா!”

சொட்டத்தான் செய்தது. சாந்தினியின் சிவப்புக் கூறைப் புடவை தீப்பிடித்ததுபோல் இருந்தது. மணவறைத் தூண்களோ வாழைத்தண்டாக வளைந்து நின்றன.

“அண்ணே, இது கேம் ஆடுற பிள்ளைங்களுக்கு. எனக்குத் தூணு நேரா நிக்கணும்.”

அடுத்தது நாற்பத்து மூன்று இன்ச். மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டுப் பெண்ணைப் பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டியிருந்தது. பளபளப்புக் கண்ணாடி வேறு; படத்தைவிடக் கடையின் டியூப் லைட்டும் என் முகமும்தான் நன்றாகத் தெரிந்தன. என் முகத்தைப் பார்க்க நான் அவ்வளவு தூரம் போகவில்லை.

மூலையில் ஒன்று சோகையாக இருந்தது. முப்பத்திரண்டு இன்ச், ஃபோர் கே, தட்டையான திரை, பளபளப்பே கிடையாது. “அதுவா? அது கொஞ்சம் டல்லும்மா,” என்றார் ராமநாதன் அண்ணன். வெளிச்சத்தைப் பாதியாகக் குறைக்கச் சொல்லிச் சாந்தினியின் முகத்தைத் திறந்தேன். நான் கைவைக்காத அசல் படம். கூறைப் புடவை கூறைப் புடவையின் சிவப்பில் இருந்தது. தோல் தோலாக இருந்தது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“அட, தூசி,” என்று ராமநாதன் அண்ணன் துணியை எடுத்துச் சாந்தினியின் கன்னத்தில் தேய்த்தார். போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

“அண்ணே, விடுங்க. அது பொட்டு.”

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் இரண்டு முறை தேய்த்ததற்கே பதறிய நான், அறுபத்து நான்கு பக்கத்தில் என்ன செய்திருக்கிறேன்! கன்னத்தைப் பெரிதாக்கினேன். மைக்குள் மெல்லிய கோடுகள், ஒன்றுக்குள் ஒன்றாக வளைந்து ஓடின. விரல் ரேகை. பழைய திரையிலும் பெரிதாக்கியிருந்தால் இது தெரிந்திருக்கும். நான் பெரிதாக்கவே இல்லை. மானிட்டர் பாவம், அது ஒரு தப்பும் செய்யவில்லை.

“இதுதான் வேணும்,” என்று ராமநாதன் அண்ணனிடம் சொன்னேன். “அக்காவுக்குப் போன் போடுங்க,” என்று குமார் அண்ணனிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தார்.

“அக்கா, வாசுகி பேசுறேன். பொட்ட அழிச்சது பிரிண்டிங்காரங்க இல்ல. நான்தான். அழுக்குன்னு நெனச்சிட்டேன். உங்ககிட்ட பொய் சொன்னதுக்கும் சேத்து மன்னிச்சிருங்கக்கா.”

ஏச்சு வரும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். வரவில்லை. நானே தொடர்ந்தேன்.

“அசல் படம் பத்திரமா இருக்குக்கா. எல்லாப் பக்கத்துலயும் திரும்பக் கொண்டாந்துருவேன். இப்ப பெரிய ஸ்கிரீன்ல பாக்குறேன், வெரல் ரேகைகூட தெரியுது.”

“ரேகை தெரியுதா?”

“தெளிவா தெரியுதுக்கா.”

“அது அவரு வெரலு,” என்றார் அக்கா. குரலில் கோபம் துளியும் இல்லை. “ஸ்ட்ரோக் வந்து வலது கை வெளங்காமப் போச்சு. எடது கையால மையத் தொட்டு வெச்சாரு. நான் வைக்கிறேன்னு சொன்னேன், விடல. மக கல்யாணத்துல அவரு கையால செஞ்சது அது ஒண்ணுதாம்மா.”

எனக்கு வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன. திரையைப் பார்க்க முடியவில்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. ராமநாதன் அண்ணன் கையிலிருந்த துணியைச் சட்டென்று மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“வாசுகி.”

“சொல்லுங்கக்கா.”

“கடைசிப் பக்கத்துல பொண்ணு மாப்பிள்ளை வேணாம். அந்தப் பொட்ட மட்டும் போடு. பக்கம் முழுக்க வரணும். கட்டம் கட்டமா உடையாம வருமா?”

“வரும்க்கா,” என்றேன்.