முதல் ஸ்டார்ட்

“இன்னிக்கு இதுதான் முதல் ஸ்டார்ட்டா?”

அக்கா என்னைப் பார்த்துத்தான் கேட்டார். பக்கத்திலேயே சித்தப்பா நின்றார், மெக்கானிக் நின்றார். அவர்கள் இருவரையும் தாண்டி, சாவிகள் மாட்டும் பலகைக்கு அருகே சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்த என்னைத் தேடிப் பிடித்துக் கேட்டார். அவருடைய உள்ளங்கை அந்தச் சாம்பல் நிற செடானின் பானெட் மேல் இருந்தது.

நான் தலையை ஆட்டினேன்.

வாயைத் திறந்து ‘ஆமாம்’ என்று சொல்லவில்லை. அதன்பிறகு பல நாள் அதையே பிடித்துக்கொண்டு தொங்கினேன். தலையைத்தானே ஆட்டினேன், பொய் சொல்லவில்லையே என்று. பேச்சு வராதவளுக்குத் தலைதான் வாய் என்பது எனக்குத் தெரியாதா என்ன?

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. பிசியோதெரபிஸ்ட். மாடிப்படியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த அம்மாவை நடக்கவைக்க, ஐந்து மாதமாக வாரத்துக்கு மூன்று நாள் காலை எட்டு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். முதல் நாளே என்னிடம் ஒரு கட்டளை போட்டார்.

“நான் வர்றதுக்கு முன்னாடி அம்மாவை நடக்க விடாதே. படுக்கையிலேர்ந்து எழுந்து வைக்கிற முதல் அடியை நான் பார்க்கணும். பத்து நிமிஷம் நடந்துட்டா எல்லாக் காலும் நல்ல காலுதான். அப்புறம் எங்க வலின்னு கண்டுபிடிக்கவே முடியாது.”

அவருக்கே இடது கணுக்காலில் மூன்று திருகாணி போட்டிருந்தார்கள். ஸ்கூட்டரின் பின்னால் பெரிய ரப்பர் பந்தையும் பையையும் கட்டிக்கொண்டு வருவார். “உன்னைப் பாத்தா சர்க்கஸுக்குப் போறவன்னுதான் நினைப்பாங்க” என்று அம்மா கிண்டல் செய்வாள். ஊருக்கு வெளியே மேட்டில் இருக்கும் ஆஸ்பத்திரியில் அடுத்த மாதத்திலிருந்து அக்காவுக்குப் பகல் வேலை கிடைத்திருந்தது. காலையில் வீடு வீடாகப் போய் முடித்துவிட்டுப் பதினோரு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். ஸ்கூட்டரில் ஆகிற காரியம் இல்லை.

“உங்க சித்தப்பா கடையில கிளட்ச் இல்லாத வண்டி ஏதாவது இருக்கா? இந்தக் காலை வெச்சுக்கிட்டு என்னால கிளட்ச் மிதிக்க முடியாது. டிக்கி பெருசா இருக்கணும்.”

“ஒரு செடான் இருக்குக்கா.”

“எப்படி இருக்கு?”

நான் அம்மாவின் போர்வையை மடித்தேன்.

“சரி, நானே வந்து பார்க்கறேன். வண்டியும் முட்டி மாதிரிதான். நான் வர்றவரைக்கும் அதை யாரும் ஸ்டார்ட் பண்ணக்கூடாது. பார்த்துக்குவியா?”

“பார்த்துக்கறேன்கா.”

இதை வாய் திறந்துதான் சொன்னேன்.

சித்தப்பா பழைய கார்களை வாங்கி விற்கிறவர். நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுந்து நின்று படி என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய நாக்கோடு எத்தனை நாள் நிற்பது? அதன்பிறகு சித்தப்பா கடைதான். காலையில் கதவைத் திறந்ததும், நிற்கிற வண்டிகளை ஒவ்வொன்றாக ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிடுவது என் வேலை. ஆறிக் கிடந்த இன்ஜின் முதல் முறை எழும்போது தன் நோயையெல்லாம் தானே சொல்லிவிடும். உள்ளே சங்கிலி தளர்ந்திருந்தால் இரண்டு நொடி கடகடக்கும். எண்ணெய் குடிக்கிற இன்ஜின் நீலமாக ஒரு மூச்சு விடும். சூடேறிவிட்டால் எல்லாம் அடங்கிப்போகும். வாங்க வருகிறவர்கள் பத்து மணிக்கு மேல்தான் வருவார்கள். அதற்குள் எல்லா வண்டியும் நல்ல பிள்ளையாகியிருக்கும். கடையில் இதற்குப் பெயர் காபி கொடுப்பது. “வெள்ளைக்குக் காபி கொடுத்தாச்சா?” என்பார் சித்தப்பா. “அந்த நீலத்துக்கு ஒண்ணு பத்தாது, ரெண்டாவது காபி குடு.”

காபி கொடுத்துக் கொடுத்து என் காது பழகிவிட்டது. கடை மெக்கானிக்கை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த டாக்டரே பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, “ஏய், இங்க வா. இந்தச் சத்தம் எங்கேர்ந்து வருது, சொல்லு” என்பார். நான் விரலால் காட்டுவேன். “டாக்டருக்கே ஸ்கேன் எடுத்துக் குடுக்கறா பாரு. இந்தக் கோட்டானுக்கு வாய்தான் இல்ல, காது யானைக் காது” என்று சித்தப்பா சிரிப்பார். பள்ளிக்கூடத்தில் ஒருவரும் என்னைப் பற்றி இப்படிச் சொன்னதில்லை. அன்றைக்கெல்லாம் சாப்பாடு இரண்டு வாய் அதிகமாக இறங்கும்.

கேட்டதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைப்பேன். அது யாருக்கும் தெரியாது. சாம்பல் செடானைப் பற்றி இப்படி எழுதியிருந்தேன்: ‘இன்ஜின் தங்கம். கியர் பாக்ஸ் சரியில்லை. காலையில் லிவரை முன்னே போகும் டி-யில் போட்டால் நாலு எண்ணும்வரை சும்மா நிற்கிறது. பிறகு யாரோ பின்னாலிருந்து தள்ளியதுபோல் குதிக்கிறது. டாக்டரோடு ஒரு சுற்று போனேன். இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது பிடி நழுவி, இன்ஜின் மட்டும் கத்துகிறது. சூடானால் ஒன்றும் தெரிவதில்லை. கியர் எண்ணெய் கறுப்பு, தீய்ந்த வாடை.’

இவ்வளவையும் எழுதியவள்தான் அக்கா கேட்டபோது போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள்.

அக்கா வண்டி பார்க்க வரவிருந்த சனிக்கிழமை, கடைக்குப் போகும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். ‘சித்தப்பா, அதை மட்டும் விட்டுடலாம்.’ நாலே வார்த்தை. கடை வாசலில் என் கால் படுவதற்குள் சித்தப்பா சாவியைத் தூக்கிப் போட்டார். “செடானுக்கு இன்னிக்கு ஸ்ட்ராங் காபி. உங்க அம்மாவோட பிசியோ மேடம் பத்து மணிக்கு வர்றாங்களாம். உன் கைராசியைப் பார்ப்போம்.”

நான் பிடித்துக்கொண்டேன்.

அதோடு விட்டிருந்தால், சித்தப்பா சொன்னார், செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம். நான் அதோடு விடவில்லை. நின்ற இடத்தில் இன்ஜின் மட்டும் ஓடினால் கியர் பாக்ஸுக்குச் சூடு முழுதாகப் போய்ச் சேராது. அது சித்தப்பாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். பிரேக்கை அழுத்திக்கொண்டு ரிவர்ஸ், நியூட்ரல், டி, மறுபடி ரிவர்ஸ் என்று இருபது தடவை லிவரை மாற்றினேன். நாலு எண்ணியது மூன்றாயிற்று, இரண்டாயிற்று, கடைசியில் எண்ணவே இடம் இல்லாமல் போயிற்று. அப்போது, அக்கா பானெட்டைத் தொட்டுப் பார்ப்பாரே என்று தோன்றியது. கூரைக்கு அடியில் இருந்த வண்டியை வெளியே எடுத்து, முகம் வெயிலைப் பார்க்கும்படி நிறுத்தினேன். ஏன் சுடுகிறது என்று கேட்டால் வெயில் பதில் சொல்லிக்கொள்ளும்.

அந்த யோசனையை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. அது தோன்றியபோது உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. இப்போது எழுதும்போது காது மடல் எரிகிறது.

அக்கா சரியாகப் பத்து மணிக்கு வந்தார். உள்ளே இருந்து வந்த சித்தப்பா அவரைக் கவனிக்காமல், பழக்கதோஷத்தில் என்னைப் பார்த்து, “என்ன, காபி கொடுத்தாச்சா?” என்று கத்திவிட்டார்.

“ஐயோ, வேண்டாம் சார். வீட்டுலேர்ந்து குடிச்சுட்டுத்தான் வந்தேன்” என்றார் அக்கா.

டாக்டர் கைதுடைக்கும் துணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. சித்தப்பா இருமினார். எல்லோரும் சிரிக்கிறார்களே என்று அக்காவும் கூடச் சேர்ந்து சிரித்தார். எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை. நான் மட்டும் தரையைப் பார்த்தேன்.

பிறகு அவர் வண்டியைச் சுற்றி வந்து பானெட்டில் கை வைத்தார்.

“சுடுதே சார்?”

“வெயில் மேடம். நேரா மூஞ்சியில அடிக்குது பாருங்க. முட்டையை உடைச்சு ஊத்தினா ஆம்லெட்டே போட்டுடலாம்.”

அப்போதுதான் அக்கா என்னைத் தேடிப் பிடித்துக் கேட்டார். நான் தலையை ஆட்டினேன்.

அக்கா விவரம் தெரியாதவர் இல்லை. எண்ணெய்க் குச்சியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்தார். எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறம் பசை பிடித்திருக்கிறதா என்று பார்த்தார். இன்ஜினை ஓடவிட்டுப் புகைக்குழாய்ப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். கியர் எண்ணெயை மோந்துகூடப் பார்த்தார். முந்தின வாரம்தான் டாக்டர் மாற்றியிருந்தார், செக்கச்செவேலென்று இருந்தது.

“இது ரொம்பப் புதுசா இருக்கே சார்?”

“பழசோட குடுத்தா நாளைக்கு நீங்களே என்னைத் திட்டுவீங்க மேடம்.”

அக்கா யோசித்தார். அந்த இடத்தில் சந்தேகப்பட்டுத் திரும்பிப் போயிருக்க வேண்டியவர். ஆனால் என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார், முகம் தெளிந்துவிட்டது. ஓட்டிப் பார்க்கக் கிளம்பியபோது முன் சீட்டில் ஏறப்போன சித்தப்பாவை, “நீங்க இருங்க சார், இவ வரட்டும்” என்று நிறுத்திவிட்டு என்னை ஏற்றிக்கொண்டார்.

லிவரை டி-யில் போட்டு, உதட்டை அசைத்து எண்ணத் தொடங்கினார். ‘ஒண்’ணுக்குள் வண்டி நகர்ந்துவிட்டது. “பரவாயில்லையே!” என்றார். இரண்டிலிருந்து மூன்றுக்கு வெண்ணெயில் கத்தி போவதுபோல மாறியது. என் கை வேலை. இருபது நிமிடம் தாங்கினால் போதும் என்று மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு சிக்னலில் நின்றோம். சிவப்பு எண்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருந்தன.

“உனக்கு ஏதாவது தெரிஞ்சா என்கிட்ட சொல்லிடு. நீ சொன்னேன்னு உங்க சித்தப்பாகிட்ட மூச்சு விடமாட்டேன்.”

இருபத்திரண்டு. இருபத்தொன்று. என் நாக்கு, அதிசயமாக, ஒட்டிக்கொள்ளவில்லை.

“இன்ஜின் நல்ல இன்ஜின்கா. ஒருதடவைகூடப் பிரிச்சதில்ல. நம்பி எடுக்கலாம்.”

அதுவரை அவரிடம் நான் இவ்வளவு பேசியதே இல்லை. சொன்னதில் முதல் இரண்டும் உண்மை. வண்டி வாங்க வருகிற எல்லோரும் இன்ஜினைத்தான் கேட்பார்கள், கியர் பாக்ஸைக் கேட்பவர் நூற்றில் ஒருவர். எந்த உண்மையைச் சொன்னால் எந்த உண்மை மறையும் என்பதைக் கடையில் நான் நன்றாகவே கற்றிருந்தேன்.

திரும்பி வந்து கையெழுத்துப் போடும்போது அக்கா என் தோளைத் தட்டினார். “இவ சொன்னதாலதான் சார் எடுக்கறேன்.”

“பார்றா, கோட்டான் வியாபாரமே பண்ணிடுச்சு!” என்றார் சித்தப்பா.

முதல் வாரத்தில் அக்கா அம்மாவிடம் சொன்னது: “காலையில வண்டி கொஞ்சம் யோசிச்சுட்டுத்தான் கிளம்புதும்மா. எனக்குத்தான் இன்னும் ஓட்டப் பழகலபோல.” தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டார். நான் சமையலறைக்குப் போய் ஏற்கெனவே கழுவிய டம்ளர்களைக் கழுவினேன். நான்காவது வாரம் ஆஸ்பத்திரி மேட்டில் ஏறும்போது பிடி விட்டுப்போய், இன்ஜின் கத்தக் கத்த வண்டி பின்னால் வந்திருக்கிறது. கியர் பாக்ஸை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். சித்தப்பா கை விரித்துவிட்டார். “போறப்ப நல்லாத்தானே போச்சு மேடம்? பழைய வண்டிக்கு ஜாதகமா எழுதிக் குடுப்பாங்க?”

அடுத்த செவ்வாய்க்கிழமை அக்கா பஸ்ஸில் வந்தார். நிறுத்தத்திலிருந்து நடந்ததில் இடது கால் இழுத்தது. எப்போதும்போல அம்மாவைப் படுக்கவைத்து, முட்டி மடங்காமல் காலைத் தூக்கச் சொல்லி எண்ணினார்.

“ஒண்ணு... அப்படியே பிடிங்க... இறக்குங்க. ரெண்டு... ஆஸ்பத்திரியில வேற ஆளைப் போட்டுட்டாங்கம்மா. மூணு நாள் லேட்டு. அவங்களும் எத்தனை நாள் பொறுப்பாங்க? மூணு...”

“எங்க கொழுந்தன் வாயில மண்ணு விழ!” என்றாள் அம்மா, காலைத் தூக்கியபடியே. “உன்னைக் கொண்டுபோய் அங்க மாட்டிவிட்டோமே.”

“நீங்க என்ன பண்ணுவீங்க? இவளையும் சேர்த்துத்தானே ஏமாத்தியிருக்கார். பாவம், வாயில்லாப் பூச்சி. இவளுக்கு என்ன தெரியும்? நாலு... பிடிங்க...”

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். அந்தப் ‘பாவ’த்துக்குள் சத்தமில்லாமல் புகுந்துகொள்ள இடம் தாராளமாக இருந்தது.

“எனக்குத் தெரியும்கா.”

எண்ணிக்கை நின்றது. அம்மாவின் கால் அந்தரத்தில் நின்றது.

“கியர் பாக்ஸ் போனதுன்னு முன்னாடியே தெரியும். நீங்க வர்றதுக்கு முன்னாடி அரை மணி நேரம் ஓட்டினேன். கியரை மாத்தி மாத்திச் சூடாக்கினேன். வெயில்ல கொண்டுபோய் நிறுத்தினதும் நான்தான். அதைச் சித்தப்பா சொல்லல. நானேதான்.”

அக்கா என் பக்கம் திரும்பினார்.

“யாராவது மிரட்டினாங்களா?”

தப்பித்துக்கொள்ள இன்னொரு வழியையும் அவரே காட்டினார். தலையை ஆட்டியிருந்தால் போதும்.

“இல்லக்கா.”

“சின்னப் பொண்ணும்மா” என்று அம்மா தொடங்கினாள். “அவளுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்ல. நீ மனசுல வெச்சுக்காதே...”

அக்கா அம்மாவின் குதிகாலைத் தாங்கி மெல்ல இறக்கினார். மறுபடி தூக்கச் சொல்லிக் கையால் காட்டினார். மிச்சத்தை எண்ணவில்லை. “இது அஞ்சா ஆறா?” என்று அம்மா கேட்டாள். பத்தும் முடிந்ததும், முட்டிக்கு அடியில் தலையணையைச் சரியான உயரத்துக்கு மடித்து வைத்தார். மாத்திரை டப்பாவை அம்மாவின் கைக்கு எட்டும்படி நகர்த்தினார். போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டார்.

நான் அவருடைய பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். அவர் குனிந்து செருப்பின் இடது வாரை மாட்டினார். வீங்கிய கணுக்காலில் அது சட்டென்று ஏறவில்லை. இரண்டு தடவை நழுவியது. உதவ நீண்ட என் கை பாதியிலேயே நின்றது. மாட்டி முடித்ததும் நிமிர்ந்து, என் தோளிலிருந்து பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். இனி எந்த நாள் வருவார் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் படியிறங்கி, கதவைச் சாத்திவிட்டு, பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்துவிட்டார்.