வெயில் பெட்டி

ஏழாம் நாள் காலையில் சிவனாண்டி தண்ணீர்ப் பீப்பாய்க்குள் குச்சியை விட்டு அளந்தான். நனைந்த பாகம் ஒரு சாண்கூட இல்லை. குச்சியைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினான்.

"அஞ்சு பேருக்கு ரெண்டு நாளு வரும். பவுலு இப்படியே கேட்டுக்கிட்டுக் கெடந்தாம்னா ஒண்ணரை."

பவுலுக்குக் கேட்டது. அவன் கண்ணைத் திறக்கவில்லை. முறிந்த பாய்மரம் விழுந்து நொறுங்கிய இடது கால் வீங்கிக் கறுத்திருந்தது.

"எனக்கு இன்னைக்கு வேண்டாம்ல," என்றான்.

"சும்மா கெட மச்சான்," என்றான் இனிகோ. தங்கை புருஷனை உயிரோடு ஊரில் இறக்க வேண்டும். அதற்குமேல் அவன் எதையும் யோசிக்கவில்லை.

மாலித் தீவில் மாசிக் கருவாடு ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்குப் புறப்பட்ட தோணி அது. எழுபத்தெட்டாம் வருஷம், மே மாதம். அந்தப் பருவத்தின் கடைசிப் பயணம். மேற்கே இருந்து கச்சான் காற்று நாள் கணக்குக்கு முன்னாலேயே வந்துவிட்டது. நாலு நாள் அடித்தது. பெரிய பாய்மரம் போயிற்று. திசைகாட்டிப் பெட்டி போயிற்று. ஐந்தாம் நாள் காற்று ஓய்ந்தபோது முன்மரமும் ஒரு பாயும் மிச்சம். கீழே கிடங்கு நிறைய மாசி இருந்தது. தின்றால் தாகம் எடுக்கும். யாரும் தின்னவில்லை.

திசை தெரியாமல் இல்லை. சூரியன் இருந்தது. துருவ நட்சத்திரம் கடல் விளிம்பை ஒட்டிக் கிடந்ததால், வெகு தெற்கே வந்துவிட்டார்கள் என்பதும் தெரிந்தது. தெரியாதது ஒன்றுதான். கொழும்பு இன்னும் முன்னால் இருக்கிறதா, பின்னால் போய்விட்டதா?

"முன்னாலதான். வடகிழக்கே போனா கரை," என்றார் தண்டல் ஹென்றி. முப்பது வருஷம் தோணி ஓட்டியவர்.

"நாலு நாளு அடிச்ச அடிக்கு நாம இலங்கையத் தாண்டி வந்தாச்சு தண்டலே," என்றான் சிவனாண்டி. "கரை வடமேற்கே கெடக்கு. இப்படியே போனா அந்தமான் வரைக்கும் வெறும் தண்ணி."

"நீ சோத்தப் பொங்குலே. நான் தோணிய ஓட்டுதேன்."

"பொங்கத் தண்ணி எங்க இருக்கு?"

தோணி இரண்டு நாளாக வடகிழக்கே போய்க்கொண்டிருந்தது. சுக்கான் பிடித்த ஜெயசிங் யார் பக்கமும் பேசவில்லை.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு வழி இருந்தது. தண்டலின் டிரான்சிஸ்டர். கொழும்பு வானொலி நிலையத்தைப் பிடித்து, பெட்டியைத் தளத்தில் வைத்து மெல்லத் திருப்ப வேண்டும். ஒரு நிலையில் குரல் அமுங்கிச் செத்துவிடும். அப்போது பெட்டியின் நீளவாக்கு எந்தக் கோட்டில் கிடக்கிறதோ அந்தக் கோட்டில் கொழும்பு இருக்கும். மாலியிலிருந்து வருகிற தோணிகள் பலவும் அப்படித்தான் ஊர் வந்து சேர்ந்தன. டிரான்சிஸ்டர் பிழைத்திருந்தது. பேட்டரிக் கட்டைகள் உப்புத் தண்ணீரில் ஊறிப் பொங்கிவிட்டன.

இனிகோவிடம் நாலு கட்டைகள் இருந்தன. சார்ஜ் ஏற்றுகிற கட்டைகள். மாலியில் சின்னப் பாய்ப்படகில் வந்த ஒரு வெள்ளைக்காரனிடம் ஒரு மூட்டை வெங்காயம் கொடுத்து வாங்கினான். கூடவே சிலேட்டு அளவில் ஒரு தட்டு. கண்ணாடிக்கு அடியில் கருநீலத்தில் பதினாறு வட்டங்கள். தட்டின் பின்னால் கட்டைகள் போடுகிற பெட்டி, ஓரத்தில் சார்ஜ் ஏறுவதைக் காட்டுகிற ஒரு சின்ன ஊசி. வெள்ளைக்காரன் அதை வெயிலில் காட்டினான். ஊசி துள்ளி எழுந்தது. தட்டின்மேல் கையை வைத்தான். விழுந்தது.

மாலியில் சரக்கு ஏற்றிய ஒரு வாரமும் தோணியில் சிரிப்பு. "வெங்காயத்தக் குடுத்து வெயில வாங்கிட்டு வந்திருக்கான் பாரு," என்றான் சிவனாண்டி. "நம்ம ஊருல வெயிலு இல்லாமத்தான் எல்லாரும் செத்தானுவ." பவுல்தான் வெயில் பெட்டி என்று அதற்குப் பெயர் வைத்தான்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

காற்று ஓய்ந்த அன்றே இனிகோ தட்டைக் கிடங்கு மூடியின்மேல் வைத்தான். தோணி இன்னும் உருண்டுகொண்டிருந்தது. "கட்டுலே அத!" என்று தண்டல் கத்தினார். தோணியில் எதையும் கட்டாமல் வைக்கிற பழக்கம் இல்லை. இனிகோ கயிறு எடுத்து, குறுக்கே ஒரு சுற்று, நெடுக்கே ஒரு சுற்று, பார்சல் கட்டுவதுபோல இறுக்கிக் கட்டினான். ஊசி அசையவில்லை. அதற்குள் உப்புத் தண்ணீர் போயிருக்கும் என்று நினைத்தான். ஊசி செத்தால் என்ன, கட்டையில் ஏறினால் போதும்.

இரண்டு நாள். சாயங்காலம் கட்டைகளை எடுத்து டிரான்சிஸ்டரில் போடுவான். ஒரு இரைச்சல்கூட வராது.

ஏழாம் நாள் காலையில் குச்சியைப் பார்த்த பிறகு இனிகோ தண்டலிடம் போனான்.

"பாய எறக்கணும்."

"என்னது?"

"காலையில வெயிலு முன்னால இருந்து வருது. பாயோட நெழலு பூரா மூடி மேலதான் விழுது. அதான் ஏறல. முன்னால கொண்டு கட்டுனா அலை மேல அடிக்கும். இன்னைக்கு ஒரு நாளு எறக்கிப் பாப்போம்."

"காத்து இருக்கு. தண்ணி இல்ல. நீ பாய எறக்கச் சொல்லுத."

"தப்பான பக்கம் போறதுக்குக் காத்து எதுக்கு?"

ஜெயசிங் முதல் தடவையாக வாயைத் திறந்தான். "எறக்கிருவோம் தண்டலே. ஒரு நாளுதான்."

தண்டல் தன் கையாலேயே பாய்க்கயிற்றை அவிழ்த்தார். பாய் இறங்கியது. தோணி நின்ற இடத்தில் ஆடியது. வெயில் தளம் முழுவதும் விழுந்தது. பவுலின் முகத்தில் சிவனாண்டி ஈரத்துணியைப் போட்டான். கடல் தண்ணீரில் நனைத்த துணி.

உச்சிப் பொழுதில் இனிகோ கட்டைகளை எடுத்து டிரான்சிஸ்டரில் போட்டான். குமிழைத் திருகினான்.

ஒன்றுமில்லை.

"அரை நாளு," என்றார் தண்டல். குரல் உயரவில்லை. "அரை நாளுக் காத்த உன் பேச்சக் கேட்டு விட்டேன். பாய ஏத்துங்கலே."

இனிகோ கட்டைகளைத் திரும்பத் தட்டின் பெட்டியில் போட்டான். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. தட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்தான். சிவனாண்டி உச்சிப் பங்கைக் கொண்டுவந்தான். தகரக் குவளையில் மூன்று மிடறு. தோணி சாய்ந்து சில துளிகள் கண்ணாடியில் விழுந்தன. இனிகோ குனிந்து நாக்கால் எடுத்தான். ஒரு துளி கயிற்றுக்கு அடியில் ஓடியது. கயிற்றை விரலால் நெம்பி ஒதுக்கி அங்கே நாக்கை வைத்தான். பின்பு நெடுக்குக் கயிற்றையும் தள்ளினான், இன்னும் ஈரம் இருக்குமென்று.

ஊசி துள்ளி எழுந்தது.

அவன் கயிற்றை விட்டான். அது பழைய இடத்துக்கு வந்து ஒரு வரிசை வட்டங்களை மூடியது. ஊசி விழுந்தது. மறுபடி நெம்பினான். எழுந்தது.

பதினாறும் சங்கிலிபோல ஒன்றோடொன்று கோத்தவை. ஒரு கண்ணி செத்தால் எல்லாம் சாகும். வெள்ளைக்காரன் கையை வைத்துக் காட்டினான். இனிகோ அதை வித்தை என்று நினைத்துச் சிரித்தான்.

கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தான். "பாய ஏத்தாதீங்க!" என்று கத்தினான். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. ஆனாலும் தண்டல் கையை நிறுத்தினார். இனிகோ தட்டை மார்போடு தூக்கிச் சூரியனுக்கு நேரே பிடித்திருந்தான். ஊசி கோடியில் நின்றது. தண்டல் ஊசியைப் பார்த்தார், அறுந்த கயிற்றைப் பார்த்தார்.

கீழே வைக்க அவன் யாரையும் விடவில்லை. சூரியன் நகர நகரத் தட்டைத் திருப்பினான். தகரச் சட்டம் சுட்டு உள்ளங்கை பொத்துப்போனது. இரண்டு மணி அளவில் மேகம் வந்தது. ஊசி பாதிக்கு இறங்கியது, பிறகு அடியில் கிடந்தது. ஜெயசிங் சிலுவை போட்டுக்கொண்டான். மேகம் போக ஒரு மணி நேரம் ஆயிற்று.

"கொழும்புல நாலு மணிக்குத் தமிழ் உண்டு," என்றான் பவுல். கண்ணை மூடியபடியே.

நாலு மணிக்குக் கட்டைகளைப் போட்டார்கள். இனிகோவால் விரலை மடக்க முடியவில்லை. தண்டல்தான் குமிழைத் திருகினார். இரைச்சல் வந்தது. இரைச்சலுக்குள் ஒரு பெண் குரல்.

பிறந்தநாள் வாழ்த்து வாசித்துக்கொண்டிருந்தாள். நான்கு வயது நிறைகிற ஏதோ ஒரு பிள்ளைக்கு அப்பா, அம்மா, தாத்தா, மாமா எல்லாரும் வாழ்த்துச் சொன்னார்கள். ஐந்து பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்கள். சிவனாண்டியின் வாய் திறந்திருந்தது.

தண்டல் டிரான்சிஸ்டரைத் தளத்தில் வைத்துத் திருப்பினார். குரல் மெலிந்தது, வந்தது, மெலிந்தது. ஓரிடத்தில் அறவே போயிற்று. அந்த இடத்தில் பெட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கத்தி முனையால் பலகையில் அதன் ஓரமாகக் கீறினார். இன்னொரு தடவை திருப்பி, மறுபடி கீறினார். இரண்டு கீறலும் ஒன்றாக விழுந்தன.

குமிழைத் திருகி அணைத்தார்.

"பிள்ள பேரு என்னன்னு சொன்னா?" என்றான் பவுல்.

"கேக்கல மக்கா. கட்டைய மிச்சம் பிடிக்கணும்."

தண்டல் எழுந்து சூரியனைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். கோடு தென்கிழக்கிலிருந்து வடமேற்கே போயிற்று. தெற்கே இருக்கிறவனுக்குக் கொழும்பு வடக்குப் பக்கம்தான் இருக்க முடியும். ஆகவே வடமேற்கு. பார்க்கப் பார்க்கக் கோடு மாறவில்லை.

"சிவனாண்டி சொன்னதுதான் சரி," என்றார். "தாண்டி வந்துட்டோம். ரெண்டு நாளாக் கரைக்கு முதுகக் காட்டி ஓட்டியிருக்கேன்."

சிவனாண்டி ஜெயித்தவன்போல இல்லை. "எவ்வளவு தூரம் தண்டலே?"

"அதக் கோடு சொல்லாது."

இனிகோ அறுந்த கயிற்றுத் துண்டுகளைப் பார்த்தபடி சொன்னான்: "இந்தக் கயிறு மறைச்சுத்தான் சார்ஜ் ஏறல. கட்டுனது நான். அன்னைக்கே கட்டாம விட்டிருந்தா, மறுநாளே தெரிஞ்சிருக்கும்."

சிவனாண்டி அவனைத் திரும்பிப் பார்த்தான். ஜெயசிங் கயிற்றைப் பார்த்தான். பவுல் கண்ணைத் திறந்து மச்சானைப் பார்த்தான், பிறகு மூடிக்கொண்டான்.

தண்டல் குனிந்து கயிற்றுத் துண்டுகளைப் பொறுக்கினார். கடலில் எறிவார் என்று இனிகோ நினைத்தான். அவர் இரண்டையும் முடிந்து, சுருட்டி, இடுப்பில் செருகிக்கொண்டார்.

"கட்டச் சொன்னது நான்," என்றார். "பாய ஏத்துங்க. வடமேற்கு."

தென்மேற்கிலிருந்து வந்த காற்றைப் பக்கவாட்டில் பிடித்துத் தோணி தயங்கித் தயங்கித் திரும்பியது. இரண்டு நாள் முதுகுக்குப் பின்னால் இறங்கிய சூரியன் இப்போது முன்னால் வந்து நின்றது. பாயின் நிழல் கிடங்கு மூடியில் விழுந்தது.

இனிகோ தட்டை எடுத்துக்கொண்டு பாயைக் கடந்து அணியத்துக்குப் போனான். தோணியின் மூக்கு அது. அங்கே நிழல் இல்லை. நாளைக்கும் ஒரு கோடு கீற வேண்டும். கால்களை இருபுறமும் தொங்கப்போட்டு உட்கார்ந்து, தட்டை முழங்கை மடிப்பில் தாங்கிப் பிடித்தான். ஊசி பாதிக்குமேல் நின்றது. சூரியன் இறங்க இறங்க அதுவும் இறங்கியது. சூரியன் தண்ணீரைத் தொடும்வரை அவன் கையை இறக்கவில்லை.

பின்னால் பீப்பாயின் மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு சிவனாண்டியின் குச்சி அடிப்பலகையில் தட்டியது.