நேர்ந்துகொண்டது அவர், முடி அவளுடையது

"உங்க உசுருக்கு என் முடிய நேந்துக்க நீங்க யாரு?"

"நான் உம் புருஷன்டி."

"அப்ப உன் முடிய நேந்துக்க வேண்டிதான?"

நாற்பத்து நாலு வருஷமாக 'நீங்க' போட்ட வாய் 'நீ'க்கு இறங்கியதும், நான் குழம்பு அடுப்பை அணைத்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போனேன். நியாயம் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா?

நமச்சிவாயத்துக்குத் தவளக்குப்பத்தில் பாத்திரக்கடை, குருவிநத்தத்தில் எங்களுக்கு எதிர்வீடு, வயது எழுபத்தொன்று. இந்தச் சண்டைக்கு மூன்று மாதத்துக்கு முன்னால் நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனபோது மயிலம் முருகனுக்கு ஒரு வேண்டுதல் வைத்திருக்கிறார். உயிரோடு திரும்பினால் மொட்டை. யாருக்கு? பெண்டாட்டி அம்மணிக்கு. அவர் தலையில் எடுக்க ஒன்றுமில்லை. கல்யாண போட்டோவிலேயே நெற்றி நடுமண்டை வரை போகிறது. அம்மணிக்கோ அறுபத்தாறு வயதிலும் இடுப்பைத் தொடும் முடி. பாதி நரைதான். ஆனாலும் அந்த அடர்த்தி எங்கள் தெருவில் எவளுக்கும் கிடையாது, எனக்கும்தான்.

இதை மூன்று மாதம் வயிற்றுக்குள் வைத்திருந்துவிட்டு, பேத்தி கீர்த்திகாவுக்குத் தை மாதம் கல்யாணம் என்று நாள் குறித்த மறுநாள் அவிழ்த்துவிட்டார். கல்யாணத்துக்கு முன்னால் வேண்டுதலை முடித்துவிட வேண்டுமாம்.

"நீயே சொல்லு ஜெயசித்ரா," என்றாள் அம்மணி. "சம்பந்தி முன்னாடி மொட்டத் தலையோட நிக்கவா நானு?"

"பூமுடி குடுத்துட்டா போச்சு. கத்திரியில ரெண்டு நறுக்கு," என்றேன்.

"மொட்டைன்னு சொல்லிட்டன். சாமிகிட்ட எடை கொறைக்கக் கூடாது," என்றார் நமச்சிவாயம்.

பித்தளைக் குடத்தை அவர் எடை போடும் லட்சணம் எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டேன்.

மகன் தமிழ்ச்செல்வன் சலித்துக்கொண்டான். "யப்பா, ஹார்ட்டு நல்லாருக்குதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. அப்பறம் இன்னா?"

"அவரு சொன்னா ஆச்சா? படுத்தா இந்தப் பக்கம் குத்துது. தரேன்னு சொல்லிட்டு தரலன்னா, முருகன் குடுத்தத திருப்பி எடுத்துக்க மாட்டானா?"

சொல்லும்போது அவர் கை சட்டைக்குள் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தது. மனுஷன் நிஜமாகவே பயந்துபோயிருந்தார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். நல்ல சண்டைக்கு நடுவில் இப்படி ஒன்று வந்தால் ருசி போய்விடுகிறது.

அம்மணி விடவில்லை. "கடைய நேந்திருக்கலாம். அண்டா குண்டா எத வேணா நேந்திருக்கலாம். என் முடிதான் கெடைச்சுதா?"

"மயக்க ஊசி போடறதுக்கு முன்ன, நம்மகிட்ட இருக்கறதுலயே நல்லது இன்னான்னு யோசிச்சன். கடை ஞாபகத்துக்கே வரல. இதான் வந்துச்சி."

எனக்குத் தெரிந்து, அவள் முடியைப் பற்றி அந்த மனுஷன் அதற்கு முன் சொன்னதெல்லாம் சாம்பாரில் கிடக்கிறது என்பது மட்டும்தான்.

அம்மணி உருகிவிடுவாள் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அசையவில்லை.

"தரேன். ஆனா திரும்ப வளர்ற வரைக்கும் வாரா வாரம் வெள்ளிக்கெழம நீதான் சீயக்கா தேய்ச்சி வுடணும். தோட்டத்துல இல்ல. வாசல்ல."

"வாசல்லயா? தெரு பாக்கும்டி."

"பாக்கட்டும். ஜெயசித்ரா எப்பிடியும் எட்டித்தான் பாக்கப் போறா, வசதியா பாக்கட்டும்."

கார்த்திகை முடிவதற்குள் வேன் பிடித்து மயிலம் போனோம். நான் போகாமல் இருப்பேனா? அம்மணி கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விழுந்த முடியைக் கூடைக்காரனிடம் தள்ள விடாமல், நமச்சிவாயம் இரண்டு கையாலும் ஏந்தி அவரே கூடையில் வைத்தார். பிறகு தானும் உட்கார்ந்தார்.

"பெரியவரே, இதுல இன்னாத்த எடுக்கறது?" என்றார் முடியெடுப்பவர்.

"காதுக்குப் பின்னால கொஞ்சம் இருக்குது, பாரு."

சந்தனம் பூசிய இரண்டு தலையும் வேனில் பக்கத்தில் பக்கத்தில் தூங்கிக்கொண்டு வந்தன. அதன் பிறகு நெஞ்சு குத்தவில்லையாம். முருகனா, மாத்திரையா, எனக்கென்ன தெரியும்? வெள்ளிக்கிழமைதோறும் விரற்கடை முடிக்கு ஒரு கிண்ணம் சீயக்காயைக் குழைத்துக்கொண்டு வாசலில் நின்றார். முதல் வாரம் தலையைக் குனிந்துகொண்டார். நாலாவது வாரம் என்னைப் பார்த்து, "டீ குடிச்சியா?" என்று விசாரித்தார்.

தை மாதம் கீர்த்திகாவைப் பூரணாங்குப்பத்துப் பாக்யராஜ் கட்டிக்கொண்டான். பந்தியில் சம்பந்தியம்மாள் அம்மணியின் தலையைப் பார்த்துவிட்டு, உடம்புக்கு என்ன என்று காதோடு கேட்டாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க. உடம்பு அவருக்கு. முடி மட்டுந்தான் என்து," என்றாள் அம்மணி, பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே.

கீர்த்திகாவும் அவனும் ஓசூருக்குப் போய்விட்டார்கள். கிழவர் பஸ்ஸில் அலையக் கூடாது என்று பங்குனியில் அம்மணியும் அவரும் கடைக்குப் பின்னாலிருக்கும் வீட்டுக்குக் குடி மாறினார்கள். இப்போது வெள்ளிக்கிழமைகளில் நான் காய்கறி வாங்கத் தவளக்குப்பம் போகிறேன். அங்கே கொஞ்சம் மலிவு.