நடுமாடியில் நின்ற லிஃப்ட்

வக்கீலுக்குத் தமிழ் தெரியும். அந்த ஒன்றுக்காகவே அவள் அவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். போலீசும் கோர்ட்டும் பேசியது எதுவும் புரியாத வெளிநாட்டில், "நான் இருக்கேன்லம்மா" என்று சொன்னவர் அவர் ஒருத்தர்தான்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். கம்பிவடம் அறுந்து லிஃப்ட் விழுந்ததில் ஒருவருக்குக் கால் போய்விட்டது. வடம் தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டவன் சிறைக்குள்ளே இருந்தான். அதைக் காதில் போட்டுக்கொள்ளாத கட்டட முதலாளி வெளியே இருந்தார். குடும்பத்தின் பாஸ்போர்ட்டுகள் வக்கீலின் பீரோவில் இருந்தன.

நன்றி சொல்ல அவளுக்குத் தெரிந்த வழி சோறு. தினமும் வக்கீலுக்குக் கேரியர் போனது. அதன் மூடியில் குமிழ் உடைந்துபோன இடத்தில், பழைய லிஃப்டின் சிவப்புப் பட்டன் ஒன்றைக் கணவன் திருகி வைத்திருந்தான்.

முதலாளியின் காலில் விழுந்தாவது கேட்டுப் பார்ப்போம் என்று மகளோடு அவர் ஆபீசுக்குப் போனாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மேஜைமேல் அந்தச் சிவப்புப் பட்டன் தெரிந்தது. முதலாளிக்கும், கணவனைக் கைது செய்த அதிகாரிக்கும் வக்கீல் தன் கையாலேயே குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நம்ம கேரி…"

மகளின் வாயைப் பொத்தி லிஃப்டுக்குள் இழுத்தாள். லிஃப்டுக்குத்தான் அம்மா பயப்படுகிறாள் என்று மகள் நினைத்தாள்.

"பயப்படாதம்மா. ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னா, கதவு திறந்திருந்தாலும் இறங்கக் கூடாது. இடுக்குல விழுந்துடுவோம். உள்ளேயே நிக்கணும். அப்பா சொல்லியிருக்காருல்ல?"

மறுநாள் சிறையில், கம்பிவலைக்கு அந்தப் பக்கம் கணவன். இந்தப் பக்கம் அவளும் மகளும், அவர்களை உரசிக்கொண்டு வக்கீலும். நேற்றுவரை ஆறுதலாக இருந்த அவருடைய தமிழ் இன்று வாயைக் கட்டிப் போட்டது.

"என்ன, திருட்டு முழி முழிக்கிற? சமையல்ல உப்பு போட மறந்துட்டியா?" கணவன் சிரித்தான். கையில் பேனா. "தப்பு என்னுதுன்னு கையெழுத்துப் போட்டா அபராதத்தோட விட்டுடுவாங்களாம். சார் சொல்றாரு. போட்டுடட்டுமா?"

"நேத்து நாங்க லிஃப்டுல மாட்டிக்கிட்டோங்க."

"எப்பம்மா?" என்றாள் மகள். அவள் மகளின் கையை இறுக்கினாள்.

"நடுமாடியில. கதவு பாதி திறந்திருந்துச்சு. ஒருத்தர் கைய நீட்டி, 'நான் இருக்கேன்லம்மா, இறங்குங்க'ன்னாரு. நம்ம தமிழ்லதான்."

"இப்ப எதுக்கும்மா லிஃப்ட் கதை? நேரமாகுது," என்றார் வக்கீல்.

கணவன் சிரிப்பை நிறுத்தினான். "இறங்கினியா?"

"இல்லீங்க. உள்ளேயே நின்னுட்டோம்."

அவன் அவளைப் பார்த்தான். வக்கீலைப் பார்த்தான். பேனாவை மூடினான்.

"தலை வலிக்குது சார். இன்னிக்கு வேணாம்."

பார்வையாளர் அறையை விட்டு வெளியே வந்ததும், வக்கீல் லிஃப்ட் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். "ஏறுங்கம்மா. பாஸ்போர்ட் என்கிட்ட இருக்கு. எங்க போயிடப் போறீங்க?"

படிக்கட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. அவள் ஏறினாள். மகள் வழக்கம்போல் பட்டனை அமுக்க எக்கினாள்.

வக்கீல் முந்திக்கொண்டார்.