கிணற்றுக்குள் இறக்கிய மெசின்

தம்பியின் மூக்கை எத்தனை தரம் துடைத்தாலும் கரி வந்துகொண்டே இருந்தது. மகாதேவி ஈரத்துணியை மடித்து மடித்துத் துடைத்தாள். செத்துக் கிடந்த தம்பி தியாகராசாவின் தலைமயிரிலும் மண்ணெண்ணெய்ப் புகை நாறியது. சீ, என்ன நாற்றம்! அதைவிட நாறியது, முற்றத்தில் மூத்த அண்ணை முத்துக்குமாரு கதைத்த கதை.

“மெசின் மேலை இருக்கேக்கை தண்ணியை இழுக்கமாட்டாமல் திணறிச்சுது. பானைக்குள்ளை கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரிச் சத்தம். கழட்டிப் பாத்தால் உள்தகடெல்லாம் பூச்சி அரிச்ச மாதிரி. பங்குனி வெயிலுக்குத் தண்ணி அவ்வளவு கீழை போட்டுது. தண்ணிக்குக் கிட்ட இறக்கினம், சத்தம் நிண்டிட்டுது பாருங்கோ!”

சத்தம் நின்றதாம்! செத்த வீட்டில் அடிக்கிற பெருமையைப் பார். யுத்தம் முடிந்த கையோடு வாங்கிய, தண்ணீர் இறைக்கும் மெசின் அது. பம்பும் எஞ்சினும் ஒரே பலகையில் பூட்டியிருந்ததால், பம்பை இறக்க எஞ்சினும் கூடவே கிணற்றுக்குள் போனது. “புகைக்குழாயை மேலை நீட்டிப் பூட்டுமட்டும் பொறுங்கோ அண்ணை” என்று தம்பி நேற்றுக் காலை கெஞ்சியதை அவள் தன் காதாலேயே கேட்டாள். “தோட்டத்திலை போயிலை வாடுது. இண்டைக்கு இறை, நாளைக்குப் பூட்டுவம்” என்றார் அண்ணை. மெசின் அருமையாகத்தான் ஓடியது. ஓடவிட இறங்கி, புகையில் மயங்கி விழுந்தவனைக் கயிறு கட்டித் தூக்கினார்கள்.

“பிரேதத்தைக் குளிப்பாட்ட வேணும். ஆராவது இறங்கி மெசினை ஒருக்கா ஓடவிடுங்கோ” என்றார் முத்துக்குமாரு.

கூடியிருந்தவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். மகாதேவி துணியோடு எழுந்து வந்தாள்.

“நீங்கள் இறங்குங்கோவன், அண்ணை.”

“எனக்கு உது ஓட்டத் தெரியாது, தங்கச்சி.”

“தெரிஞ்சவன் விறாந்தையிலை கிடக்கிறான்.”

முத்துக்குமாரு தானே வாளியைக் கயிற்றில் விட்டு இழுத்தார். தண்ணீரின் மேல் எண்ணெய் பல நிறமாய் மிதந்தது. தூ! அவள் அதை அவர் காலடியிலேயே ஊற்றிவிட்டு, வெறும் வாளியோடு வேலிப் பொட்டுக்குள்ளால் குனிந்து போனாள். அது பக்கத்து வீட்டுச் செபஸ்தியம்மாவின் வளவு. தீட்டுப் பார்த்து, அந்தக் கிணற்றில் இந்த வீட்டார் ஒருநாளும் தண்ணீர் எடுத்ததில்லை.

“எடியே, அங்கையோ போறாய்?” என்று அண்ணை கத்தினார்.

செபஸ்தியம்மா துலாக்கயிற்றைப் பிடித்து இறக்கி, மொண்டு, வாளி நிறைய வார்த்தாள்.

மகாதேவி தூக்குமுன் குனிந்து மணந்து பார்த்தாள். ஒரு மணமும் இல்லை.