மாமி சொன்ன விசளம்

"வந்தவனா வரல்லியா, அத மட்டும் சொல்லுங்க உம்மா."

"வந்தான் எண்டுதானே நான் தொண்ட கிழியக் கத்துறன். நீ ஏன்கா..."

"கராஜ் டெஸ்மன்ட் தன்ட வாயால சொன்னவனா? இல்ல, அண்டைக்கு லெப்பை சொன்ன மாதிரியா?"

"லெப்பைட கதைய இப்ப ஏன் எடுக்காய்? இது பிரேக்குட கதை!"

"அந்தக் கதையும் இப்பிடித்தான் தொடங்கின."

"காது குடுத்துக் கேளு புள்ள! புது என்ஜின்ட புகைக்குழாய், பிரேக் எண்ணெய் போற குழாயில முட்டித் தேயுதாம். நேத்துப் பின்னேரம் மாப்பிள்ள காரக் கொண்டு வந்தாப் பிறகு, கராஜில அது நிண்ட இடத்தில எண்ணெய் வடிஞ்சி கிடந்தத இண்டைக்குக் காலம்பறதான் கண்டானாம். தான் வந்து பாக்கும் வரைக்கும் ரோட்டுக்கு எடுக்கப்படாதாம். எடுத்தா நிப்பாட்ட ஏலாமப் போயிருமாம்!"

சுஹறா குசினி அடுப்பிலிருந்து ஆணச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு உம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சல்மா உம்மா முக்காட்டுத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உண்மை சொல்லும்போதும் அந்த முகம் அப்படித்தான் வேர்க்கும், இட்டுக்கட்டும்போதும் அப்படித்தான் வேர்க்கும். அதுதான் கரைச்சல்.

"அப்ப நிண்டு அவரிட்டயே சொல்லிட்டுப் போறதுக்கென்ன?"

"அவன்ட பொஞ்சாதி இமக்குலேற் புள்ளப் பெற மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில. நோவு கண்டிட்டாம். பஸ்ஸுக்கு ஓடுறான். மாப்பிள்ள ஜும்ஆவுக்குப் போன நேரம். குத்பா ஓதக்குள்ள பள்ளிக்குள்ள பூந்து, பிரேக்கு போயிட்டு எண்டு கத்துவானா? வாசல்ல நிண்டு எனக்கிட்டச் சொன்னான். ரெண்டு தரம் சொன்னான். 'உம்மா, மறக்காமச் சொல்லுங்க' எண்டான்."

அதோடு நிறுத்தியிருந்தால் சுஹறா நம்பியிருப்பாள். சல்மா உம்மாவுக்கு எதையும் அதோடு நிறுத்தத் தெரியாது.

"நான் அண்டைக்கே சொன்னன். மௌத்தாப் போனவன்ட என்ஜின் வேணாம், அது இன்னொரு மௌத்தத் தேடும் எண்டு. ஆரு கேட்ட?"

சுஹறாவின் மனம் அந்த இடத்திலேயே கதவைச் சாத்திக்கொண்டது.

கார் ஜப்பான் கார். வெளிநாட்டுச் சாமான் இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகு கல்முனைக்குடிக்கு வந்த சின்னக் கார்களில் ஒன்று. பின்பக்கம் டிக்கி நீட்டிக்கொண்டிராமல் ஒரேயடியாக வெட்டி, கண்ணாடியோடு சேர்த்து மேலே தூக்கித் திறக்கிற கதவு வைத்திருந்தது. ஊரில் அதற்கு வாலறுந்தான் என்று பெயர். சுஹறாவின் மாப்பிள்ளை ஜவுபர் நெல் வியாபாரி. அந்த வாலறுந்தானைப் பிள்ளையைத் துடைப்பதுபோலத் துடைத்து வைத்திருந்தவர்தான். ஒருநாள் மக்கீனின் வேன், நிந்தவூர் சந்தியிலிருந்து சாய்ந்தமருது வரைக்கும் ஹோர்ன் அடித்துக்கொண்டே பின்னால் வந்து, பள்ளி வாசலில் சனம் பார்த்து நிற்க முந்திப் போனது. "மச்சான், எறங்கித் தள்ளட்டா?" என்று கத்திவிட்டுப் போனான் மக்கீன். அன்றைக்குப் பிடித்த பேய். கொழும்பில் பழைய சாமான் கடையொன்றில், மோதிச் சப்பளிந்துபோன பெரிய காரிலிருந்து கழற்றிய என்ஜின் சாக்குச் சுற்றி லொறியில் வந்து இறங்கியது. அந்தக் காரில் இருந்தவர்கள் தப்பவில்லை என்பதை லொறிக்காரன் தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனான்.

டெஸ்மன்ட் கராஜில் வைத்தே சொன்னான்: "முதலாளி, வண்டில் சின்னன், மாடு பெருசு. மாடு ஓடும். வண்டில் நிக்குமா எண்டுதான் பாக்கோணும்."

"நீ பூட்டு," என்றார் ஜவுபர். "நிப்பாட்டுற வேலை என்ட."

என்ஜினைத் தாங்கும் பழைய இரும்புகளை வெட்டி, புதிது ஒட்டி, ரேடியேட்டரை முன்னுக்குத் தள்ளி, அடக்கவொண்ணாததை அடக்கித்தான் அந்த என்ஜினை உள்ளே இறக்கினான். முன்மூடியைச் சாத்த இரண்டு பேர் அமுக்கவேண்டியிருந்தது.

அந்த என்ஜின் வேண்டாம் என்று சல்மா உம்மா சொன்னவைதான் கொஞ்சமா? ஆனால் ஒன்றையும் அவள் ஜவுபரிடம் சொல்லவில்லை. மாமியும் மருமகனும் முகம் பார்த்துக் கதைப்பது அந்தப் பக்கத்தில் வழக்கமில்லை. வீடு சுஹறாவுக்குச் சீதனமாக எழுதிய வீடு. மாப்பிள்ளை வந்து குடியேற, சல்மா உம்மா குசினிப் பக்கத்து அறைக்கு மாறினாள். நடுவில் ஒரு சீலை தொங்கியது. மருமகனின் செருமல் கேட்டால் மாமி உள்ளே போவாள். மாமியின் செருப்புச் சத்தம் கேட்டால் மருமகன் முற்றத்துக்குப் போவார். கராஜுக்காரனோடு கதவு மறைவில் நின்று கதைப்பாள், மீன்காரனோடு முற்றத்தில் நின்று சண்டையே பிடிப்பாள், மருமகனோடு மட்டும் ஒரு சொல் கிடையாது. எல்லாம் சுஹறா வழியாகத்தான் போய்வரும்.

சுஹறா அதை நன்றாகச் செய்தாள். உம்மா "இந்த மனிசனுக்குக் கண் தெரியாதா, கூரை ஒழுகுது" என்றால், சுஹறா அவரிடம், "உங்களுக்கு வேலை கூட எண்டு உம்மா கவலப்படுறா, கூரையையும் ஒருக்காப் பாருங்களன்" என்பாள். அவர் "கிழவிக்கு வேற வேலை இல்ல" என்றால், உம்மாவிடம், "பாக்கிறாராம், நீங்க சொன்னது நல்லமாம்" என்பாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து சீலைக்கு இரண்டு பக்கமும் போன வார்த்தைகளில் பாதி சுஹறா சமைத்தவை. வீடு அதனால்தான் வீடாக நின்றது.

லெப்பை கதையில்தான் எல்லாம் பிசகியது. அந்த என்ஜினில் முசீபத்து, கெட்டது ஒன்று இருக்கிறது என்று பள்ளி லெப்பை ஓதிப் பார்த்துச் சொன்னார் என்று உம்மா சொன்னாள். சுஹறா அதை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தாள். ஜவுபர் நேரே போய் லெப்பையைக் கேட்டார். லெப்பை பாவம், விழித்தார்: "நான் காரையும் காணல்ல, உங்கட மாமியையும் காணல்ல வாப்பா." திரும்பி வந்த ஜவுபர் சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "இனிமே உன்ட உம்மா சொல்லிவிடுற விசளம் ஒண்டும் எனக்கிட்ட வரப்படாது. வந்தா நான் என்ட உம்மாட ஊட்டுக்குப் போயிருவன். அல்லாவுக்காகச் சொல்றன்."

அந்த உம்மாவைக் கூட்டி வரத்தான் இன்றைக்கு அவர் அக்கரைப்பற்றுக்குப் போக இருந்தார். ஆயிஷா உம்மா நோன்புப் பெருநாளில் சல்மா உம்மாவோடு முறுகிக்கொண்டு போனவள், அதற்குப் பிறகு இந்த வாசலை மிதிக்கவில்லை. மகன் புது என்ஜின் பூட்டிய காரில் வந்து கூப்பிட்டால் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

இன்றைக்கென்று பார்த்துப் பிரேக் குழாய் தேய்கிறதா? சுஹறா சோற்றை வடித்துக்கொண்டே யோசித்தாள். உம்மா, உம்மா!

தெருவில் அந்தச் சத்தம் கேட்டது. சத்தத்துக்கு முதல் அலுமாரிக்குள் பீங்கான்கள் கிலுகிலுத்தன. வாலறுந்தான் முன்பெல்லாம் இருமிக்கொண்டு வரும். இப்போது நெஞ்சுக்குள் எதையோ வைத்துக்கொண்டு உறுமியது. முற்றத்துக் கோழிகள் வேலிக்கரைக்குச் சிதறின.

"தொழுதிட்டு வந்த சனம் முழுக்க மொய்ச்சிட்டுது," ஜவுபர் கை கழுவிக்கொண்டே சிரித்தார். "மக்கீன் மட்டும் மறுபக்கம் பாத்துக்கொண்டு போறான். என்னடா மச்சான், எறங்கித் தள்ளட்டா எண்டு கேட்டன்!"

சல்மா உம்மா லுஹர் தொழ அறைக்குள் போய்விட்டாள். போகும்போது மகளைப் பார்த்து வாயசைத்தாள்: *சொல்லு.*

சுஹறா சோறு போட்டாள். மீன் போட்டாள். கத்தரிக்காய்ப் பால்கறியை அள்ளி வைத்தாள்.

"இஞ்சருங்க. டெஸ்மன்ட் வந்தவனாம்."

"எப்ப? ஆரு கண்ட?"

அந்த ஒரு கேள்விதான். ஆரு கண்ட.

"பக்கத்தில கதைச்சாங்க. இமக்குலேற்றுக்கு நோவு கண்டிட்டாம். மட்டக்களப்புக்கு ஓடுறானாம்."

"அடடே! எனக்கிட்டச் சொல்லியிருந்தா இந்தக் காருலயே கொண்டு போய் விட்டிரிப்பனே. ஓடுறத்துக்கு வாகனம் பூட்டினவன் பஸ்ஸுல போறான் பாரு."

அவர் சாப்பிட்டார். சுஹறா தண்ணிச் செம்பைத் தள்ளி வைத்தாள், பிறகு கிட்ட இழுத்து வைத்தாள்.

"நாளைக்குப் போனா என்ன? அக்கரைப்பத்து மாமிக்கு ஒரு நாள் பிந்தினா..."

சோறு பிசைந்த விரல்கள் நின்றன. அவர் சீலையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"இது ஆர்ட கதை? உன்ட கதையா, அங்கால இருந்து வந்த கதையா?"

சீலைக்கு அப்பால் உம்மா சுஜூதிலிருந்து எழும்புவது கேட்டது. டெஸ்மன்ட் சொன்னது சுஹறாவின் வாய் வரைக்கும் வந்தது. வந்தது, வந்து திரும்பிப் போனது.

"என்ட கதைதான். வெயிலாக் கிடக்கெண்டு சொன்னன்."

"வெயில் காருக்கு வெளியில. இன்னா போய் இன்னா வாறன். ராவைக்கு உம்மாக்கு ஆட்டிறைச்சி ஆணம் வை. அவக்குப் பிடிக்கும்."

கார்த் திறப்பைச் சுழற்றிக்கொண்டு இறங்கினார். பீங்கான்கள் திரும்பவும் கிலுகிலுத்தன. பிறகு அந்தச் சத்தம் தெற்கே, சாய்ந்தமருதுப் பக்கம், யாரோ நீளமாகத் துணி கிழிப்பதுபோலப் போய்க் குறைந்தது.

சல்மா உம்மா தொழுகைச் சீலையோடேயே வெளியே வந்தாள். "என்னகா? சொல்லியுமா எடுத்துக்கிட்டுப் போறார்?"

சுஹறாவின் நாக்கு பழகிய வேலையைத் தானே செய்தது. அவள் யோசிக்கக்கூட இல்லை.

"சொன்னன். ஆறுதலாப் போறாராம். மாமி சொன்னா அதில ஒரு விசயம் இரிக்கும் எண்டார்."

"அப்பிடியா சொன்னார்?"

"ஓம்."

சல்மா உம்மாவின் முகம் மலர்ந்தது. அவள் சும்மா நின்று அதை இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தாள். "மாமி சொன்னா விசயம் இரிக்கும் எண்டார். ம்? பாத்தியா? மனிசன் வெளிய முரடு, உள்ள நல்லம்." ஆயிஷா உம்மாவுக்கு விரிக்கப் புதுப் பாயை எடுக்கத் தானாகவே உள்ளே போனாள்.

சுஹறா செம்பிலிருந்த எச்சில் தண்ணியை வேலிக்கரையில் ஊற்ற முற்றத்துக்கு வந்தாள். கார் நின்ற இடத்தில் மணல் நனைந்திருந்தது. உள்ளங்கை அகலம். மூத்த மகள் தண்ணி கொட்டினாளோ என்று குனிந்தாள். தொட்டாள். தண்ணி அப்படி வழுக்காது. முகர்ந்தாள். படலையடி வரைக்கும் சொட்டுச் சொட்டாய்ப் போயிருந்தது. தெருத் தாரிலும் தெரிந்தது.

உம்மா இட்டுக்கட்டவில்லை.

அறுவடைக் காலம். காரைதீவு தாண்டினால் ரோட்டில் பாதிக்கு நெல் காயப்போட்டிருப்பார்கள். சாக்கு விளிம்பில் கல் வைத்து, பெண்கள் காலால் கிளறிக்கொண்டிருப்பார்கள். வாகனங்கள் எல்லாம் அங்கே நின்று, ஊர்ந்துதான் போகும். நெல்லின் மேல் சக்கரம் ஏறினால் பிரேக் இருக்கிற வாகனமே சறுக்கும்.

செம்பு எங்கே விழுந்தது என்று அவள் பார்க்கவில்லை. முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் படலையைத் தள்ளினாள்.

"ஷரிபுதீன் காக்கா! காக்கா! மோட்டர் சைக்கிள எடுங்க. அவரப் போய் நிப்பாட்டுங்க. காருல பிரேக் எண்ணெய் ஒழுகுது, அவருக்குத் தெரியா!"

"தெரியாதா? இப்பதானே ஹோர்ன் அடிச்சிட்டுப் போறான்..."

"கேள்வி கேளாதீங்க காக்கா, அல்லாவுக்காகப் போங்க!"

ஷரிபுதீன் பெனியனோடேயே ஏறிப் போனான்.

சுஹறா வீட்டுக்குள் போகவில்லை. படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே உம்மா பாயைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவள் பாக்கு உரலில் வெற்றிலை இடிக்கும் சத்தம். தெருவால் ஒரு பஸ் வடக்கே போனது. ஐஸ்பழக்காரன் மணியடித்துக்கொண்டு போனான். எல்லாம் எப்போதும்போலவே போனது. அது அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பிடித்திருப்பான். காரைதீவிலேயே பிடித்திருப்பான். இரண்டு பேரும் ரோட்டோரத்தில் நின்று என்னை ஏசுவார்கள். ஏசட்டும் யா ரப்பே, வந்து ஏசட்டும்.

ஷரிபுதீன் திரும்பி வந்தான். கெதியாகவே வந்துவிட்டான். ஆனால் மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தான். படலைக்கு முன்னால் கால் ஊன்றி நின்றான், இறங்கவில்லை. சாரத்தில் முழங்கால் இரண்டிலும் நெல்மணிகள் அப்பிக் கிடந்தன. முழங்கால் ஊன்றி எதையோ தூக்கியவனைப்போல. அவன் சுஹறாவைப் பார்க்கவில்லை.

"உம்மாவக் கூப்பிடு," என்றான்.

அக்கம்பக்கத்துப் படலைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. சுஹறா கூப்பிடவில்லை. சல்மா உம்மாவே சத்தம் கேட்டு வந்துவிட்டாள். ஷரிபுதீனின் முகத்தைப் பார்த்தாள், முழங்காலைப் பார்த்தாள். அவள் கை மகளின் தோளைத் தேடிப் பிடித்தது. கூடிய சனத்துக்கெல்லாம் கேட்கும்படி அவள் உரத்துத்தான் சொன்னாள்:

"நாங்க சொல்லாம விடல்ல வாப்பா. டெஸ்மன்ட் சொன்னத ஒண்டு விடாம என்ட புள்ள அவருக்குச் சொல்லித்தான் அனுப்பின. ஆறுதலாப் போறன், மாமி சொன்னா அதில விசயம் இரிக்கும் எண்டு சொல்லிட்டுத்தான் மனிசன் படியிறங்கின... அவர்ட வாயாலதானே அப்பிடிச் சொன்னார், மகள்?"